கொரட்டூர் ஏன் சிக்கவில்லை? இணையப் பக்கமும் டேட்டா அட்ரிபியூட்டும்

2020 ஜூன் மாதம் தமிழக அரசின் ஆணை ஒன்று வெளியே வந்தது. மாநிலத்தின் 1018 ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் முறை இனித் தமிழ் உச்சரிப்பை ஒட்டியிருக்கும் என்றது அது. அம்பத்தூருக்கு ஆங்கிலத்தில் சில எழுத்துகள் கூடின. பூந்தமல்லி, வெள்ளைக்காரர் எழுதிவைத்த 'பூனமல்லி'யைக் கைவிட்டுப் 'பூவிருந்தவல்லி' ஆனது. கேலியும் குழப்பமும் பெருகவே, சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்ற செய்தியைச் சொன்னவர் அப்போதைய தமிழ் வளர்ச்சித் துறை அமைச்சர் க. பாண்டியராஜன். அப்போது ஆவடித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் அவரேதான்.

ஆணை நிலைத்திருந்தால் பலகைகளுக்குப் புதுப் பெயின்ட் அடித்தால் போதும். இணையப் பக்கங்களின் பாடு அவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது. பலகையில் ஊர்ப்பெயருக்கு ஒரே வேலை, படிப்பவருக்கு ஊரைச் சொல்வது. இணையப் பக்கத்தில் பல நேரம் அதே பெயர் இன்னொரு வேலையும் பார்க்கிறது. "அம்பத்தூர் என்று இருக்கும் வரியை எடு, நிறம் மாற்று, மற்றதை மறை" என்று ஜாவாஸ்கிரிப்ட் தேடிப் பிடிப்பதும் அந்தப் பெயரை வைத்துத்தான். கண்ணுக்குத் தெரியும் எழுத்தும் நிரல் பிடிக்கும் பிடியும் ஒன்றாகிவிட்டால், ஒன்றைத் திருத்தும்போது மற்றது கழன்றுவிடும். அதுவும் சத்தமில்லாமல் கழலும்.

இரண்டையும் பிரித்து வைக்கக் கிடைத்த வழிகளில் எளியது டேட்டா அட்ரிபியூட். எச்.டி.எம்.எல்.-இல் எந்த எலிமென்ட்டுக்கும் 'டேட்டா' என்று தொடங்கி, ஒரு ஹைஃபன் போட்டு, நமக்கு வேண்டிய பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு நமக்கு வேண்டிய மதிப்பையும் கொடுக்கலாம். பிரவுசர் அதைத் திரையில் காட்டாது, அதற்கு அர்த்தம் கற்பிக்கவும் செய்யாது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை லேத் பட்டறையில் பாகங்கள் கிடக்கும் தொட்டியில் ஜாப் கார்டு ஒன்று கட்டியிருப்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். தொட்டியின் நிறம் எதுவாகவும் இருக்கட்டும், எந்த மூலைக்கு வேண்டுமானாலும் தள்ளட்டும், அடுத்த மெஷின்காரர் பார்ப்பது கார்டை.

1964-இல் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டையிலேயே இன்று லேத் ஓசைக்குப் பக்கத்தில் ஐ.டி. கட்டடங்கள் நிற்கின்றன. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறந்தாயிற்று. பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய பொறியியல் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் வெளியே வரும் பிள்ளைகளில் பலர் முதலில் போய் உட்காருவது வெப் டெவலப்மென்ட் அல்லது டெஸ்டிங் மேசையில்தான். ஆகவே பக்கத்தில் ஓர் எலிமென்ட்டை எதைக் கொண்டு பிடிப்பது என்ற கேள்வி இந்த வட்டாரத்துக்கு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அதற்கு இதுவரை வந்த பதில்களையும், தமிழில் பக்கம் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல்களையும் சேர்த்துப் பார்ப்போம். நிரலில் வரும் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்தே தருகிறேன்.

பழைய பிடி ஐடி. 'கெட்எலிமென்ட்பைஐடி' என்றால் பக்கத்தில் அந்த ஐடி கொண்ட ஒரே ஓர் எலிமென்ட் கிடைக்கும். வேகமானது, ஆனால் ஒன்றுக்கு மட்டும். பத்து ரயில் நிலையங்களை ஒன்றாகப் பிடிக்க ஐடி உதவாது. அடுத்தது கிளாஸ். கிளாஸ் அடிப்படையில் தோற்றத்துக்குரியது என்பது பழக்கத்தில் வந்த எண்ணம். டிசைனர் ஒரு நாள் 'சிவப்பு-பட்டன்' என்பதை 'முதன்மை-பட்டன்' என்று மாற்றுவார், ஸ்கிரிப்ட் செத்துவிடும். இன்றைய கருவிகள் இன்னும் மோசம். கிளாஸ் பெயர்களோடு ஒவ்வொரு பில்டிலும் மாறக்கூடிய எழுத்துக் குவியலை அவை தாமே சேர்க்கின்றன. காலையில் பிடித்த பெயர் மாலையில் இருக்காது.

டேட்டா அட்ரிபியூட் வருவதற்கு முன்பு, கூடுதல் தகவலை எங்கே ஒளித்துவைப்பது என்று உலகம் முழுவதும் டெவலப்பர்கள் திண்டாடினார்கள். 2005-இல் லோகேஷ் தாக்கர் எழுதிய லைட்பாக்ஸ் என்ற படக் காட்சி நிரல், படத்தின் இணைப்பில் 'ரெல்' என்ற அட்ரிபியூட்டைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது. அந்த அட்ரிபியூட் இருப்பது இணைப்பின் உறவைச் சொல்ல, படக் காட்சிக்கு அல்ல. டோஜோ என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் தானாகவே ஓர் அட்ரிபியூட்டைக் கண்டுபிடித்துப் போட்டது. பக்கம் ஓடியது, ஆனால் வேலிடேட்டரில் போட்டால் பிழை காட்டியது. ஜேகுவெரி என்ற இன்னொரு நூலகத்தின் துணை நிரல் ஒன்று கிளாஸ் அட்ரிபியூட்டுக்குள்ளேயே அடைப்புக்குறியோடு தகவலைத் திணிக்கச் சொன்னது. எல்லாமே அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் மூட்டையை இறக்கிவைத்த கதைதான்.

2008 வாக்கில் எச்.டி.எம்.எல்.5 வரைவில் டேட்டா முன்னொட்டு வந்தது. விதி எளியது: இந்த முன்னொட்டோடு எதை எழுதினாலும் வருங்காலத் தரநிலை அதில் தலையிடாது. இடம் உங்களுடையது. 2014 அக்டோபரில் எச்.டி.எம்.எல்.5 முழுப் பரிந்துரையானபோது பழக்கம் ஏற்கனவே ஊறிப்போயிருந்தது. மதிப்பை வாசிக்க 'டேட்டாசெட்' என்ற ப்ராப்பர்ட்டி ஃபயர்பாக்ஸில் 2011-இல் வந்தது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு 2013-இல் பதினோராம் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை 'கெட்அட்ரிபியூட்' இருந்தது. அது எந்தப் பழைய பிரவுசரிலும் ஓடியதால் யாரும் பெரிதாகக் கஷ்டப்படவில்லை.

எலிமென்ட்டைப் பிடிக்கும் முறையின் வரலாறு இதைவிடப் பழையது. சதுர அடைப்புக்குறிக்குள் அட்ரிபியூட்டை எழுதித் தேர்ந்தெடுக்கும் வழி 1998 மே மாதம் சி.எஸ்.எஸ். இரண்டாம் பதிப்பிலேயே வந்துவிட்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 அதைக் கண்டுகொள்ளவில்லை, 2006-இல் வந்த 7 கண்டுகொண்டது. அதே 2006 ஜனவரியில் ஜான் ரெசிக் ஜேகுவெரியை வெளியிட்டு, இப்படித் தேர்ந்தெடுக்கும் சி.எஸ்.எஸ். செலக்டரை ஜாவாஸ்கிரிப்டில் எங்கும் எழுதலாம் என்ற சுகத்தைக் காட்டினார். பிரவுசர்கள் அந்தச் சுகத்தைத் தங்களுக்குள்ளேயே எடுத்துக்கொண்டதன் பெயர்தான் 'குவெரிசெலக்டர்', 'குவெரிசெலக்டர்ஆல்'. 2009 முடிவதற்குள் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் அது வந்துவிட்டது.

இனி வேலைக்கு வருவோம். சென்னை மேற்குப் புறநகர் ரயில் பாதையின் நிலையங்களைப் பட்டியலிடும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி என்று வரிகள். ஒவ்வொரு வரிக்கும் டேட்டா-நிலையம் என்ற அட்ரிபியூட், மதிப்பு ஊர்ப்பெயர். அட்ரிபியூட் பெயரே தமிழில் இருக்கலாமா? இருக்கலாம். ஆங்கிலப் பெரிய எழுத்து கூடாது, எக்ஸ்.எம்.எல். ஏற்கும் எழுத்தாக இருக்க வேண்டும் என்பதுதான் கட்டுப்பாடு. தமிழ் இரண்டிலும் தேறும். செலக்டரும் தமிழை ஏற்கும். டேட்டாசெட் என்று எழுதி, புள்ளி வைத்து, 'நிலையம்' என்று தட்டினால் மதிப்பு வந்து விழும்.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. ஆங்கிலத்தில் டேட்டா-ஸ்டேஷன்-நம்பர் என்று இருந்தால், டேட்டாசெட் ஹைஃபனை விழுங்கி அடுத்த எழுத்தைப் பெரிதாக்கி, இரண்டு சொல்லையும் ஒட்டித் தரும். அந்த விதி ஹைஃபனுக்குப் பின் ஆங்கிலச் சிறிய எழுத்து வந்தால் மட்டுமே செல்லும். தமிழுக்குப் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. ஆகவே டேட்டா-நிலைய-எண் என்று வைத்தால் ஹைஃபன் அப்படியே நிற்கும். புள்ளி வைத்து 'நிலைய-எண்' என்று எழுதினீர்களானால், ஜாவாஸ்கிரிப்ட் அதைக் கழித்தல் கணக்கு என்று எடுத்துக்கொண்டு, 'எண் என்றால் என்ன, யாரும் சொல்லவில்லையே' என்று பிழை எறியும். சதுர அடைப்புக்குறியும் மேற்கோளும் போட்டு எழுத வேண்டும், அல்லது ஹைஃபனுக்குப் பதில் அடிக்கோடு வைக்க வேண்டும். அட்ரிபியூட் பெயரை ஆங்கிலத்தில் வைப்பதே நல்லது என்பது என் கட்சி. தமிழ்ப்பற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பெயரைப் பயனர் பார்க்கப்போவதில்லை. பார்க்கப்போவது அடுத்து வேலைக்கு வரும் டெவலப்பர், அவரிடம் தமிழ்க் கீபோர்டு இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

மதிப்பு தமிழில் இருக்கும்போதுதான் உண்மையான தலைவலி. கொரட்டூரைப் பாருங்கள். முதல் எழுத்து 'கொ'. யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம். 'க'வுக்குப் பின் ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகப் போடலாம். அல்லது எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே போடலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் முதல் கொரட்டூர் 9 என்றும் இரண்டாவது 10 என்றும் சொல்லும். செலக்டர் எழுத்துக் குறியெண்களை ஒவ்வொன்றாக ஒப்பிடும், ஒலியையோ வடிவத்தையோ அல்ல. பக்கத்தில் 9 எழுத்துக் கொரட்டூர், நிரலில் 10 எழுத்துக் கொரட்டூர் என்றால் குவெரிசெலக்டர் 'நல்' என்று வெறுங்கையை விரிக்கும். குவெரிசெலக்டர்ஆல் காலிப் பட்டியலைத் தரும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. டெவலப்பர் மேற்கோள் குறியைச் சந்தேகப்படுவார், அடைப்புக்குறியைச் சந்தேகப்படுவார், சாயங்காலம் வரை எழுத்தைச் சந்தேகப்பட மாட்டார்.

போரூரிலும் கோயம்பேட்டிலும் இதே வம்பு. நெடில் ஓகாரத்துக்கும் இரண்டு வடிவம் உண்டு. அம்பத்தூரும் ஆவடியும் தப்பித்தன, அவற்றில் ஒகர ஓகாரம் இல்லை. அதனாலேயே சோதனை செய்யும்போது 'ஆவடி'யை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடுவது ஆபத்து.

பிரிந்த வடிவம் எங்கிருந்து வருகிறது? இன்றைய கீபோர்டுகள் பெரும்பாலும் ஒற்றைக் குறியையே தரும். ஆனால் தரவு கீபோர்டிலிருந்து மட்டும் வருவதில்லை. ஆப்பிள் கணினிகளின் பழைய ஃபைல் அமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமித்தது, அங்கிருந்து நகலெடுத்த பெயர் பிரிந்தே வரும். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் அத்தனையும் ஒரே ஒழுங்கில் மாற்றுவதில்லை. 1999-இல் தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் அரசு டாம், டாப் குறியீடுகளை ஏற்றது. 2010-இல்தான் அரசாணை யூனிகோடைத் தரமாக்கியது. இடைப்பட்ட காலத்து ஆவணங்கள் அலுவலகங்களில் இன்னும் உயிரோடு இருக்கின்றன, அவ்வப்போது யாராவது அவற்றை எக்செல்லில் கொட்டி இணையத்துக்கு அனுப்புகிறார்கள்.

மருந்து இருக்கிறது. 2015-இல் ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்த 'நார்மலைஸ்' என்ற செயற்கூறு எந்த வடிவத்தையும் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். பக்கத்தில் எழுதும்போது ஒரு முறை, தேடும் சொல்லைப் பெறும்போது ஒரு முறை என இரண்டு முனையிலும் செய்ய வேண்டும். ஒரு முனையில் செய்துவிட்டு மறுமுனையை விட்டால் செய்யாததற்குச் சமம். செலக்டரே இதைச் செய்யக்கூடாதா என்று கேட்கலாம். தரநிலை எழுதியவர்கள் தெரிந்தே அந்தப் பொறுப்பைப் பக்கம் எழுதுபவரிடம் விட்டிருக்கிறார்கள். ஆங்கிலம் மட்டும் எழுதுபவருக்கு இந்தச் சுமையே கிடையாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நார்மலைஸ் தீர்க்காத நோயும் உண்டு. பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூர். அந்த 'ஸ்ரீ'யை 'ஸ' கொண்டும் எழுதலாம், 2005-இல் யூனிகோடு 4.1 சேர்த்த 'ஶ' என்ற தனி எழுத்தைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே கூட்டெழுத்தாகத் தெரியும். யூனிகோடின் பார்வையில் இவை வேறு வேறு எழுத்துகள், ஒன்றை மற்றொன்றாக மாற்ற எந்த விதியும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகள் நடுவில் புகுந்திருந்தாலும் இதே கதி. அவற்றை நாமே நிரல் எழுதித்தான் களைய வேண்டும். பூந்தமல்லி, பூவிருந்தவல்லி என இரண்டு வழக்குப் பெயர்களை ஒன்றாக்க எந்த நார்மலைஸாலும் முடியாது.

ரயில்வேக்காரர்கள் இதற்குக் கணினி வருவதற்கு முன்பே வழி கண்டவர்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சுருக்கக் குறி. அம்பத்தூர் ஏ.பி.யூ., ஆவடி ஏ.வி.டி., கொரட்டூர் கே.ஓ.டி.ஆர். பலகையில் தமிழ், இந்தி, ஆங்கிலம் எது எப்படி எழுதியிருந்தாலும் டிக்கெட்டும் கால அட்டவணையும் அந்தக் குறியைப் பிடித்தே ஓடும். டேட்டா அட்ரிபியூட்டில் வைக்க வேண்டியது அப்படிப்பட்ட குறிதான், பெயர் அல்ல. பெயர் எலிமென்ட்டுக்குள் எழுத்தாக இருக்கட்டும். தமிழ், ஆங்கிலம் என்று மாற்றும் பட்டன் உள்ள பக்கத்தில் இது விருப்பத்துக்கு விட்ட விஷயமே இல்லை. பயனர் மொழியை மாற்றும் நொடியில் பக்கத்தின் எழுத்து எல்லாம் மாறிவிடும், மாறாமல் நிற்பது குறி ஒன்றுதான். டேட்டா அட்ரிபியூட் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்களில் 'கிளாஸ் மாறினாலும் இது மாறாது' என்பதே முதல் காரணமாக வரும். இரண்டு மொழியில் பக்கம் போடும் நமக்கு 'மொழி மாறினாலும் மாறாது' என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அப்படியானால் பின்கோடு? அதுவும் குறிதானே என்று தோன்றும். தோன்றட்டும், பயன்படுத்திப் பாருங்கள். அம்பத்தூர் 600053, ஆவடி 600054, பூந்தமல்லி 600056, தொழிற்பேட்டை 600058. அட்ரிபியூட் மதிப்பு குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்குகிறதா என்று பார்க்கும் செலக்டர் ஒன்று உண்டு, சமக்குறிக்கு முன் கூம்புக் குறி போட்டு எழுதுவது. '60005' என்று தொடங்குபவை என்று தேடினால் மேற்குப் புறநகர் மொத்தமும் ஒரே வலையில் விழும் போலிருக்கும். மேலே சொன்ன நான்கும் விழும், கூடவே 600057 எண்ணூரும் 600059 கிழக்குத் தாம்பரமும் விழும். ஒன்று வடக்கே துறைமுகப் பக்கம், மற்றது தெற்கே. தபால்துறை எண் கொடுத்தது நம் வரைபடத்தை மனதில் வைத்து அல்ல. முன்னொட்டு, பின்னொட்டு, நடுவில் எங்கேயாவது என்று மூன்று வகைத் தேடலையும் சி.எஸ்.எஸ். மூன்றாம் பதிப்பு தந்தது. மதிப்புகளை நாமே திட்டமிட்டு அமைத்திருந்தால் இவை அருமையான கருவிகள். அடுத்தவர் அமைத்த எண்ணை வைத்து விளையாடும்போது கை சுடும்.

எண்களில் இன்னும் இரண்டு இடறல்கள். அம்பத்தூர், மாநகராட்சியின் ஏழாவது மண்டலம், வார்டுகள் 79 முதல் 93 வரை. செலக்டரில் டேட்டா-வார்டு சமம் 79 என்று மேற்கோள் இல்லாமல் எழுதினால் பிரவுசர் தவறான செலக்டர் என்று சீறும். மேற்கோள் இல்லாத மதிப்பு எண்ணில் தொடங்கக்கூடாது என்பது சி.எஸ்.எஸ்.-இன் இலக்கணம். எல்லா மதிப்புக்கும் மேற்கோள் போடும் பழக்கம் இருந்தால் இது வரவே வராது. இரண்டாவது, டேட்டா அட்ரிபியூட்டில் இருப்பது எல்லாமே எழுத்துச் சரம். '79-க்கு மேல், 93-க்குக் கீழ்' என்று செலக்டரில் கேட்கவே முடியாது. எல்லா வரிகளையும் எடுத்து, மதிப்பை எண்ணாக மாற்றி, பிறகு வடிகட்ட வேண்டும். எண்ணாக மாற்றாமல் ஒப்பிட்டால் 9 என்பது 79-ஐவிடப் பெரியதாகிவிடும்.

வார்டு என்றதும் ஆவடி நினைவுக்கு வருகிறது. 2019-இல் தனி மாநகராட்சியான ஆவடிக்கு 48 வார்டுகள். ஆவடியின் 12-ஆம் வார்டு வேறு, திருவொற்றியூர் மண்டலத்தில் இருக்கும் சென்னையின் 12-ஆம் வார்டு வேறு. இரண்டு மாநகராட்சியையும் ஒரே பக்கத்தில் காட்டினால் வார்டு எண் மட்டும் போதாது. மாநகராட்சிக்கு ஒரு அட்ரிபியூட், வார்டுக்கு ஒன்று, இரண்டு சதுர அடைப்பையும் இடைவெளி விடாமல் ஒட்டி எழுதினால் இரண்டும் பொருந்தும் எலிமென்ட் மட்டும் வரும். நடுவில் ஒரு ஸ்பேஸ் விழுந்தால் அர்த்தமே மாறி, முதல் எலிமென்ட்டுக்கு உள்ளே இருக்கும் வேறொன்றைத் தேடும்.

பிடித்தபின் என்ன செய்வது என்பதில் ஒரே ஒரு உத்தியை மட்டும் சொல்கிறேன், மற்றவை எங்கும் கிடைக்கும். ஐம்பது வரிக்கும் ஐம்பது கிளிக் கேட்பானை மாட்டாதீர்கள். பட்டியல் முழுவதற்கும் ஒன்று மாட்டினால் போதும். கிளிக் விழுந்த இடம் வரிக்குள் இருக்கும் சின்ன ஐகானாகவும் இருக்கலாம், அங்கிருந்து 'க்ளோசஸ்ட்' என்று மேல்நோக்கிக் கேட்டால் டேட்டா அட்ரிபியூட் உள்ள வரி கிடைத்துவிடும். பிறகு சர்வரிலிருந்து புதிதாக வந்து சேரும் வரிகளுக்கும் அதே கேட்பான் வேலை செய்யும்.

ஜேகுவெரி இன்னும் பல இடங்களில் உயிரோடு இருப்பதால் அதன் குணம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் 'டேட்டா' செயற்கூறு 2010-இல் 1.4.3 பதிப்பு முதல் அட்ரிபியூட்டை வாசிக்கிறது. ஆனால் எழுதும்போது அட்ரிபியூட்டைத் தொடாது, தன் சொந்த நினைவில் வைத்துக்கொள்ளும். நிலையை 'திறந்தது' என்று மாற்றிவிட்டு, செலக்டரில் 'திறந்தது' என்று தேடினால் பழைய மதிப்பே பக்கத்தில் நிற்கும், ஒன்றும் சிக்காது. டேட்டாசெட்டில் எழுதினால் அட்ரிபியூட்டும் கூடவே மாறும். பழைய பக்கத்தில் ஜேகுவெரியும் புதிய நிரலும் கலந்து ஓடும்போது இந்த வேறுபாடு நாள்கணக்கில் நேரம் தின்னும்.

இடம் நம்முடையது என்று தரநிலை சொன்னாலும், 'நாம்' என்பது ஒருவர் அல்ல. பூட்ஸ்ட்ராப் என்ற நூலகம் 2012-இன் இரண்டாம் பதிப்பிலிருந்து டேட்டா-டாகிள் என்ற பொதுப் பெயரைத் தனதாக்கிக்கொண்டது. வேறு நூலகமோ நம் நிரலோ அதே பெயரை வைத்தால் மோதல். 2021 மே மாதம் ஐந்தாம் பதிப்பில் நடுவில் 'பி.எஸ்.' சேர்த்துப் பெயரை மாற்றினார்கள். நல்ல முடிவுதான், ஆனால் பதிப்பை மட்டும் உயர்த்திவிட்டுப் பக்கத்தைத் திருத்தாதவர்களின் மெனுக்கள் கிளிக்குக்கு அசையாமல் நின்றன. நிறுவனமோ திட்டமோ தனக்கென இரண்டெழுத்து முன்னொட்டு வைத்துக்கொண்டால் இந்தப் பாட்டை அனுபவிக்காமல் தப்பலாம்.

எதை வைக்கக்கூடாது என்பதும் சொல்லப்பட வேண்டும். டேட்டா அட்ரிபியூட் மறைவிடம் அல்ல. பிரவுசரில் எஃப்12 தட்டினால் பள்ளிப் பையனுக்கும் தெரியும், மாற்றவும் முடியும். டேட்டா-விலையில் 450 என்று வைத்து, அந்த எண்ணையே பில் போட சர்வருக்கு அனுப்பினால், 45 என்று மாற்றி அனுப்ப ஒருவர் கட்டாயம் வருவார். விலையைச் சர்வர் தன் பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும், பக்கத்திலிருந்து போக வேண்டியது பொருளின் குறி மட்டும். அதேபோல் வேறு மென்பொருள் படிக்க வேண்டிய தகவலுக்கும் இது இடமல்ல என்று தரநிலையே சொல்கிறது. கூகுள் உங்கள் கடை நேரத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஸ்கீமா.ஆர்க் முறை இருக்கிறது. கண் தெரியாதவரின் திரைவாசிப்பானுக்குச் சொல்ல வேண்டியதை ஏரியா அட்ரிபியூட்டில் சொல்ல வேண்டும். டேட்டா-திறந்தது என்று வைத்துவிட்டு ஏரியாவை மறப்பது நம் பக்கங்களில் அடிக்கடி நடக்கிறது.

கடைசியாக டெஸ்டர்களின் வழக்கு. சென்னை ஐ.டி. நிறுவனங்களில் டெஸ்டிங் பெரிய தொழில். 2004-இல் சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலீனியம் என்ற டெஸ்டிங் கருவிதான் பலருக்கும் முதல் பாடம். அதில் எலிமென்ட்டைப் பிடிக்க நீளமான எக்ஸ்பாத் எழுதிப் பழகியவர்கள் ஏராளம். மூன்றாவது டிவ்வுக்குள் இரண்டாவது டிவ்வுக்குள் ஐந்தாவது வரி என்று முகவரி எழுதுவார்கள். நடுவில் ஒரு டிவ் சேர்ந்தால் எல்லா டெஸ்டும் சிவப்பாகிவிடும். இதற்கு மாற்றாக டெஸ்டுக்கென்றே ஒரு டேட்டா அட்ரிபியூட் வைப்பது பரவலானது. சைப்ரஸ் என்ற கருவி தன் ஆவணங்களில் அதை வெளிப்படையாகவே பரிந்துரைக்கிறது, பிளேரைட் என்ற இன்னொரு கருவியிலும் அதற்கென்று தனிச் செயற்கூறு உண்டு.

கென்ட் சி. டாட்ஸ் தொடங்கிய டெஸ்டிங் லைப்ரரி எதிர்க்கட்சி. பயனர் பட்டனை அதன் பெயரை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார், டெஸ்டும் அப்படியே செய்யட்டும், டெஸ்ட் ஐடி கடைசிப் புகலிடம் என்பது அவர்கள் வாதம். ஆங்கிலம் மட்டும் உள்ள பக்கத்துக்கு நான் இந்தக் கட்சியிலேயே சேர்வேன். திரைவாசிப்பானுக்குப் பட்டனின் பெயர் கேட்கிறதா என்பதையும் அந்த முறை சேர்த்தே சோதித்துவிடுகிறது. ஆனால் தமிழும் ஆங்கிலமும் உள்ள பக்கத்தில் எல்லா டெஸ்டையும் பெயரால் எழுதினால், மொழிபெயர்ப்பாளர் 'தேடு' என்பதைத் 'தேடுக' என்று திருத்தும் ஒவ்வொரு முறையும் டெஸ்ட் உடையும். உடைந்த டெஸ்டைப் பார்க்கும் வெளிமாநில டெஸ்டருக்கு அது தமிழ்த் திருத்தமா, உண்மையான பிழையா என்று தெரியாது. இதற்கு நடுவழி: முக்கியமான நாலைந்து பயண வழிகளை இரண்டு மொழியிலும் பெயரால் சோதிப்பது, மீதி எல்லாவற்றையும் டேட்டா அட்ரிபியூட்டால் பிடிப்பது. வெளியிடும்போது அந்த அட்ரிபியூட்களைக் களைந்துவிட வேண்டும் என்று சிலர் கருவி வைத்திருக்கிறார்கள். சில நூறு பைட்டுக்காக, சோதித்த பக்கமும் மக்கள் பார்க்கும் பக்கமும் வேறு வேறாக இருக்கும் நிலையை உண்டாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.